ஈம் என்றொரு தாய்மாமன்

அன்புள்ள செழியனுக்கு அப்பா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில் சரியில்லை என்பது அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. உடனே திரும்ப அழைத்துச் சொல்லியிருக்கலாம். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். எதிரில் ஒரு குரல் இருந்தால் எனக்கு வார்த்தை வராது. தாளும் பேனாவும் இருந்தால் கொஞ்சம் வரும். முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் இப்படி எழுதுவது வேடிக்கைதான். ஆனால் வகுப்பில் பாடம்தான் பேசியது, நான் அதன் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அதனால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன். நீளமாகப் போகும் என்று நினைக்கிறேன். விடுமுறை நாளில் சாவகாசமாகப் படி.

உன் தங்கை கயலின் குழந்தைக்கு, நம் யாழினிக்கு, காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவது நம் வழக்கம். அவளுக்கு இருக்கும் ஒரே தாய்மாமன் நீ. "அப்பா, இதுக்கு நான் வரணுமா?" என்று கேட்டாய். "இங்க லீவு கேட்டா என்ன விஷயம்னு கேப்பாங்க. தங்கச்சி கொழந்தைக்குக் காது குத்தறாங்கன்னு சொன்னா, அது கடையில அஞ்சு நிமிஷ வேலையாச்சேம்பாங்க. நீ யாருன்னு கேட்டா அங்கிள்னு சொல்லணும். இங்க எல்லாருமே அங்கிள்தாம்பா. தாய்மாமனுக்கு இவங்க பாஷையில வார்த்தையே கெடையாது" என்றாய். நான் சொன்னது இது: "உனக்குச் சிரமம்னா வேணாம்ப்பா. இங்க யாராச்சும் மடியில வச்சிக்குவாங்க." நீ "சரிப்பா" என்றாய். உன் செலவையும் அலைச்சலையும் மிச்சப்படுத்திவிட்ட நல்ல அப்பா என்று அந்த ஒரு நிமிடம் என்னை நானே நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பு சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. கயல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. "அண்ணன் வரலைன்னு சொல்லிச்சா, நீங்க வேணாம்னு சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா உள்ளேயிருந்து, "அவரு கண்ணாடியத் தொடைக்கிறாருன்னா அவருதான் சொல்லியிருக்காருன்னு அர்த்தம்" என்றாள். கயல் எழுந்தாள். "அப்ப அண்ணன் வர்ற வரைக்கும் பாப்பா மூளிக் காதோடவே இருக்கட்டும். வேற யாரு மடியிலயும் நான் வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் மாமியார் வீட்டில் தை பிறந்ததும் நாள் பார்க்க வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். இவள் நாளே பார்க்கக் கூடாது என்கிறாள். நடுவில் நான் சொன்ன ஒரு வாக்கியம் கிடக்கிறது.

மனம் சரியில்லாதபோது நான் என்ன செய்வேன் என்பது உனக்குத் தெரியும். அகராதியை எடுத்தேன். மேசைக்கடியில் இருக்குமே, தூக்கினால் தோள் வலிக்கும் அந்தப் பழைய பெரிய அகராதி. நீ சொன்னது உண்மையா, இங்கிலீஷில் தாய்மாமனுக்கு வார்த்தையே கிடையாதா என்று பார்ப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க வேண்டிய மன்னிப்பைத் தள்ளிப்போட எனக்குக் கிடைத்த சாக்கு அது. அங்கிள் என்ற சொல்லில் தொடங்கி, அது எங்கிருந்து வந்தது என்று பார்த்து, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று தேடிப் போனேன். இரண்டு நாள் ஆனது. கிடைத்துவிட்டது, செழியன்.

மூன்றே எழுத்து. இ, எம், இ. 'ஈம்' என்று உச்சரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போது யாரும் சொல்வதில்லை என்பதால், நான் தவறாகச் சொன்னாலும் திருத்த ஆளில்லை. மிகப் பழைய ஆங்கிலத்தில் அம்மாவின் சகோதரனுக்கு மட்டும் உரிய பெயர் அது. அப்பாவின் சகோதரனுக்கு வேறு சொல் வைத்திருந்தார்கள். அதாவது நம்மைப் போலவே மாமனைத் தனியாகவும் சித்தப்பா பெரியப்பாவைத் தனியாகவும் வைத்திருந்த ஜனங்கள்தான் அவர்களும். டச்சு மொழியில் 'ஓம்' என்றும் பழைய ஜெர்மனில் 'ஓஹைம்' என்றும் இதற்கு உடன்பிறப்புகள் இருக்கின்றன. வேரைத் தோண்டிக்கொண்டு போனால் தாத்தா என்று பொருள்படும் ஒரு மிகப் பழைய சொல் வருகிறது. அதோடு வீடு என்ற சொல்லும் சேர்ந்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் தாத்தா வீட்டில் இருப்பவர், தாய் பிறந்த வீட்டின் ஆள். 'இருக்கலாம்' என்றுதான் அகராதிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு படித்தவர்களும் 'இருக்கலாம்' என்று எழுதியதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பிறகு பிரான்சிலிருந்து போனவர்கள் இங்கிலாந்தை ஆண்டார்கள். அவர்களுடைய சொல் உள்ளே வந்தது. நம் பக்கத்து வீட்டில் பிரெஞ்சு ராணுவத்து பென்ஷன் வாங்கும் பெரியவரை அவர் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் கூப்பிடுவதை நீ காதால் கேட்டிருக்கிறாய். அதுபோன்ற பிரெஞ்சு உறவுமுறைப் பெயர்களில் ஒன்றுதான் அங்கிளாக ஆனது. இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அந்த பிரெஞ்சுச் சொல்லும் லத்தீனில் தாய்மாமனுக்கு உரியதாகத்தான் இருந்தது, 'குட்டித் தாத்தா' என்ற அர்த்தத்தில். ஆக நீ வேண்டாவெறுப்பாகச் சொல்லும் அங்கிளின் அடியிலும் ஒரு தாய்மாமன்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அது போகப்போக எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. அப்பாவின் தம்பியும் அங்கிள், அத்தையின் கணவரும் அங்கிள். ஈம் என்ற சொல்லும் முதலில் தாய்மாமனையும், பிறகு எந்த மாமனையும் சித்தப்பனையும், கடைசியில் சும்மா பழகின ஒரு நண்பனையும்கூடக் குறித்துவிட்டு மறைந்துபோனது. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மட்டும் பேச்சுவழக்கில் இன்னும் கொஞ்ச காலம் இருந்ததாம். நீ இருக்கும் லீட்ஸ் அந்தப் பக்கம்தானே? உன் தெருவில் எப்போதோ யாரோ ஒருவர் தன் தாய்மாமனை அப்படிக் கூப்பிட்டிருக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊரையும் எத்தனையோ வருஷம் ஆண்டார்கள். நமக்கு தெருப் பெயர்களைக் கொடுத்தார்கள், ரொட்டியைக் கொடுத்தார்கள். நம் மாமனிடம் மட்டும் அவர்கள் கை வைக்கவில்லை. கை வைத்தவன் நான்.

இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. உன் அம்மாவும் சொல்லியிருக்க மாட்டாள், எனக்காக. உனக்கு மொட்டையடித்துக் காது குத்திய சமயம் உன் ராஜவேலு மாமா வேலை செய்த முதலியார்பேட்டை மில் மூடிக் கிடந்தது. எப்போது திறப்பார்கள், திறப்பார்களா என்றே தெரியாது. தாய்மாமன் சீர் என்றால் சும்மாவா? தங்கக் கடுக்கன், புதுத்துணி, தட்டு வரிசை, மேளம். வேலையில்லாத மனிதரை இதில் இழுத்துவிட்டு சங்கடப்படுத்தக் கூடாது என்று நான் யோசித்தேன். நன்றாகத்தான் யோசித்தேன் என்று இன்றைக்கும் ஒரு பக்கம் தோன்றுகிறது, அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக்கொண்டு போய், கடுக்கனிலிருந்து வெற்றிலை வரைக்கும் நானே வாங்கினேன். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் எல்லாவற்றையும் சைக்கிளில் வைத்துக் கட்டி அவர் வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். "மச்சான், இத நீங்க குடுத்த மாதிரி குடுத்துடுங்க. யாருக்கும் தெரிய வேணாம்" என்றேன். அவர் அந்த மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வச்சிட்டுப் போங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான். காரியம் சுலபமாக முடிந்தது என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தேன்.

விசேஷத்தன்று அவர் மேளத்தோடு வந்தார். பதினோரு தட்டு. நான் வாங்கியது எதுவும் அதில் இல்லை. பட்டுச் சட்டை வேறு, பழம் வேறு, கடுக்கனும் வேறு. நீ அவர் மடியில் உட்கார்ந்து, பத்தர் ஊசியை எடுக்கும் முன்பே ஊரைக் கூட்டி அழுதாய். அவர் உன் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "என்னப் பாருடா, என்னப் பாருடா" என்றார். கண்ணை மூடிவிட்டு பார்க்கச் சொல்கிறாரே என்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் கண்ணிலும் தண்ணீர். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்த மூட்டையை அப்படியே கையில் கொடுத்தார். "மாப்ள, இது உங்க வீட்டுப் பொருளு. தெரியாம எங்க வீட்டுக்கு வந்துடுச்சி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மரியாதையாகச் சொன்னார். அன்று சாயங்காலம் உன் அம்மாதான் உண்மையைச் சொன்னாள். நீ பிறந்த மாதமே, மில் ஓடிக்கொண்டிருந்தபோதே, அந்தக் கடுக்கனைச் செய்து வாங்கி வைத்துவிட்டாராம். "எங்கண்ணன ஒரு வார்த்த கேட்டீங்களா? முடியுமா முடியாதான்னு அது சொல்லட்டும். நீங்களே எப்படி முடிவு பண்ணீங்க?" என்றாள். உன் அம்மா அதன் பிறகு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

எனக்கு அன்றே மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், தீபாவளிக்குக் கேட்கலாம் என்று வருஷங்கள் போய்விட்டன. அவர் எதையும் மனதில் வைத்துக்கொண்டதாகக் காட்டவேயில்லை. மாறாக நான் செய்யத் தயங்கிய காரியங்களையெல்லாம் அவர் செய்துகொண்டே வந்தார். நீ பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தவறியது உனக்கு மறந்திருக்காது. அன்று காலை முடிவு பார்க்கப் போன நீ வீட்டுக்குத் திரும்பவில்லை. நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேடிப் போக வேண்டும் என்று தெரிந்தது, கால் வரவில்லை. நீ நேரே பெரிய மார்க்கெட்டில் மாமா அப்போது வேலை செய்த வாழைத்தார் மண்டிக்குப் போயிருக்கிறாய். மத்தியானம் உன்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார், பதினேழு வயசுப் பையனை. இறங்கினதும் எங்கள் எல்லோரையும் பார்த்து, "பையன் சாப்ட்டுட்டான். மார்க்கப் பத்தி யாராச்சும் வாயத் தொறந்தீங்க, திரும்பக் கூட்டிக்கினு பூடுவேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ள, மறுபடி எப்ப பரீட்ச வெக்கறாங்க, எங்க பணம் கட்டணும், அத விசாரிங்க. அதுக்குத்தான அவ்ளோ படிச்சிருக்கீங்க" என்றார். கிண்டல்தான். ஆனால் அந்தக் கிண்டல்தான் என் காலை அசைத்தது. மறுநாள் காலையிலேயே விசாரித்து, படிவம் வாங்கி, தேதி வாரியாக எழுதி உன் மேசையில் ஒட்டினேன். எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று அன்றைக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர். உனக்கு அப்பாவாக நான் ஏதாவது சரியாகச் செய்திருந்தால், அதில் பாதி உன் மாமா எனக்கு எடுத்துக்கொடுத்தது. இதை எழுதும்போது எனக்கு நன்றியைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. அவரை எனக்குக் கொடுத்த உன் அம்மாவுக்கு நன்றி, அவரிடம் போக வேண்டும் என்று பதினேழு வயதில் தெரிந்திருந்த உனக்கும் நன்றி.

நேற்று அகராதியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு முதலியார்பேட்டைக்குப் போனேன். மாமாவுக்கு இப்போது முட்டி சரியில்லை. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. என்னா கையில, பெரிய பொஸ்தகமா? ஜோசியம் பாக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்ல மச்சான். ஒரு வார்த்தை காட்டலாம்னு."

"ஒரு வார்த்தைய காட்டவா உழவர்கரையிலிருந்து ஆட்டோ புடிச்சி வந்தீங்க? ஃபோன்ல சொன்னா தேய்ஞ்சா பூடும்?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தைப் பிரித்தேன். உனக்கு மேலே எழுதியதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப வெள்ளக்காரனுக்கும் தாய்மாமன்னு ஒருத்தன் தனியா இருந்தான்?"

"இருந்தான்."

"சீர் செஞ்சானா?"

"அது இதுல எழுதல மச்சான்."

"செஞ்சிருக்க மாட்டான். அதான் பேரு பூடுச்சி. ஒண்ணுமே செய்யலன்னா அவனுக்கு எதுக்குத் தனியா ஒரு பேரு? வர்றவன் போறவன்லாம் ஒண்ணுதான்."

நான் சிரித்தேன். எத்தனை அறிஞர்கள் உட்கார்ந்து எழுதிய புத்தகம்! எங்கிருந்து வந்தது என்று இரண்டு பத்தி எழுதியவர்கள், ஏன் போனது என்று ஒரு வரி எழுதவில்லை. அவர் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியாது, சரிபார்க்கவும் வழியில்லை. ஆனால் அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. யாழினி காதுகுத்துக்கு வர வேண்டுமா என்று நீ கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. டிவியை நிறுத்தினார்.

"நீங்க வேணாம்னு சொன்னீங்களா?"

"சிரமம்னா வேணாம்னு..."

"சிரமமா இல்லியான்னு அவன்ல சொல்லணும்? மாப்ள, அன்னிக்கு எனக்கு செஞ்சீங்களே, அதத்தான் இன்னிக்கு அவனுக்கும் செய்யறீங்க. அன்னிக்காவது கடுக்கன்தான் மாத்தி வாங்கியாந்தீங்க. இன்னிக்கு ஆளையே மாத்தப் பாக்கறீங்களே."

முப்பத்தாறு வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியது அப்போதுதான். அகராதியை மூடிக் கீழே வைத்துவிட்டு, "மன்னிச்சிடுங்க மச்சான்" என்றேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் கேட்டேன்.

"இதக் கேக்க இவ்ளோ வருஷமா? நானும் இந்தப் பொங்கலுக்குக் கேப்பாரு, அடுத்த பொங்கலுக்குக் கேப்பாருன்னு பாத்து பாத்து, கடசீல மறந்தே பூட்டேன்" என்றார். பிறகு, "அன்னிக்கு எனக்கு ஒண்ணுதான் மாப்ள. எங்கிட்ட வேல இல்லன்னு ஊருக்கே தெரியும், அதுல எனக்கு வெக்கமில்ல. ஆனா எந்தங்கச்சி புள்ளைக்கு நான் இல்லாமலும் ஆவும்னு நீங்க நெனச்சீங்க பாருங்க. அதான்" என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து, "மாப்ள வந்து எவ்ளோ நேரமாச்சி, டீ வருமா வராதா?" என்று சத்தம் போட்டார்.

செழியன், 'நான் இல்லாமலும் ஆகும்' என்று ஒரு மனிதனை நினைக்க வைப்பதுதான் நான் இரண்டு முறை செய்த தவறு. இரண்டு முறையும் அன்பினால் செய்தேன் என்று நம்பினேன். பிறருக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்பது நல்ல குணம் என்று சின்ன வயதிலிருந்து நினைத்து வந்திருக்கிறேன். அதில் பாதி கோழைத்தனம். கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கேட்காமலே நானே முடியாது என்று சொல்லிக்கொண்டால் அந்த பயம் இல்லை. நீ இந்த ஒரு விஷயத்தில் என்னைப் போல ஆகாதே. உன் மனைவியிடமோ பிள்ளைகளிடமோ உனக்கு வேண்டியதைக் கேள். அவர்கள் முடியாது என்று சொல்லட்டும். கேட்கப்பட்டோம் என்பதே மனிதர்களுக்கு ஒரு மரியாதை. நீ அன்று "நான் வரணுமா?" என்று கேட்டபோது லீவைப் பற்றிக் கேட்கவில்லை. உன் இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாய். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு அது புரிகிறது. இருந்தும் கேட்டாயே, அதற்கு உனக்கு நன்றி.

ஆகவே கேட்கிறேன். நீ வர வேண்டும். சிரமமாக இருந்தாலும் வர வேண்டும். உன் தங்கை உன்னைத் தவிர வேறு யார் மடியிலும் பிள்ளையை வைக்க மாட்டாள். எனக்கும் உன் மடியில்தான் யாழினியைப் பார்க்க வேண்டும். உனக்கு எந்தத் தேதியில் லீவு கிடைக்கும் என்று நீ கயலிடம் சொல். அதன் பிறகுதான் பஞ்சாங்கத்தைப் பிரிப்பது என்று அவள் மாமியாரிடம் நானே போய்ப் பேசிவிட்டேன். ஆமாம், நானேதான். உன் மேலதிகாரி என்ன விஷயம் என்று கேட்டால், உங்கள் மொழியிலேயே இதற்கு ஒரு பெயர் இருந்தது, தொலைத்துவிட்டீர்கள் என்று சொல்லிப் பார். கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

ஒரு விஷயம். இதற்கு மேலே ஒரு வரி அடித்திருக்கிறதே என்று பார்ப்பாய். 'கம்மல், துணி எதுவும் வாங்கி வராதே, எல்லாம் இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தேன். பேனா தானாக எழுதிவிட்டது. வேறு தாளில் திருத்தி எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அடித்தது அடித்தபடியே உனக்கு வரட்டும். என்ன கொண்டு வருவது என்பது யாழினியின் மாமன் முடிவு செய்ய வேண்டியது. நான் கேட்கவும் மாட்டேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வரும்போது மற்றவர்களோடு நின்று பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா